கல்யாணம் இல்லம்மா, சும்மா போட்டோ!

மலைப் பாதையின் கடைசி வளைவில் வண்டியைத் திருப்பியதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வாழை மரங்கள். குலை தள்ளிய மரங்கள். ஒரு வீட்டு வாசலின் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

ஸ்கூட்டரை நிறுத்தினேன். தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. அறுத்து முடித்த சாமைக் கொல்லையிலிருந்து ஈர வைக்கோல் வாசனை வந்தது. புளிய மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வாசலை அடைத்துப் பெரிய பந்தல்.

மேக்கப் போட என்னை வரச் சொன்னது ஒரு போட்டோவுக்கு. ஒரு பெண், ஒரு முகம், காலை வெளிச்சத்தில் நாலு படம். அவ்வளவுதான் பேச்சு. அதனால்தான் திருப்பத்தூரிலிருந்து விடிவதற்கு முன்பே, ஒரே ஒரு சின்னப் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தனியாக மலையேறி வந்திருந்தேன்.

"வாம்மா, வாம்மா! வண்டிய அப்டி ஓரமா வுடு!" என்று ஒரு அம்மாள் ஓடி வந்தார். பட்டுப் புடவை, காதில் கல் தோடு, பின்னால் தேங்காய் அளவுக்கு ஒரு கொண்டை. மணப்பெண்ணின் அத்தை பச்சையம்மாள். மணப்பெண் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெண்ணின் அத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னாங்கம்மா, பந்தல்லாம் போட்டிருக்கு?"

"அதுவா? வெயிலுக்கு."

ஜவ்வாது மலை உச்சியில், தை மாதத்தில், விடியற்காலையில், வெயிலுக்குப் பந்தல். நான் தலையில் சுற்றியிருந்த மப்ளரை இறுக்கிக்கொண்டு அவரைப் பின்தொடர்ந்தேன்.

ரெண்டு வெள்ளாடு

இந்தத் தொடரைப் படிக்கும் செங்கத்து வாசகி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "அதே மூஞ்சி, அதே மையி. கல்யாணம்னு சொன்னா மட்டும் ஏங்க்கா வெலய ஏத்தறீங்க?"

நல்ல கேள்வி. எங்கள் தொழிலில் இதைக் கேட்காத ஆள் இல்லை. பதில் சொல்ல ஆரம்பித்தால் சண்டை மாதிரி ஆகிவிடும். அதனால் நான் பதில் சொல்வதில்லை, இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

அந்த மலைப் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு போன் வந்தது. கணீரென்ற குரல். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னேன்.

"யம்மா! அதுல ரெண்டு வெள்ளாடு வாங்கலாமே!"

"வாங்கலாங்க. ஆனா ஆடு வந்து ஜடை பின்னாதுங்களே" என்றேன். போன் கட்.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு. இந்த முறை மெல்லிய, ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒரு குரல். "எங்க பொண்ண ஒரு போட்டோ எடுக்கணும்மா, மேக்கப் போட்டு வுடணும். கல்யாணம் இல்லம்மா, சும்மா போட்டோ." நான் சாதாரண ரேட்டைச் சொன்னேன். பெண்ணின் படம் ஒன்று வாட்ஸாப்பில் வந்தது. இடுப்பு வரைக்கும் தொங்கும் முடி. சரி, தலை பின்னிவிட்டாலே படம் பிரமாதமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஜலதோஷக் குரலையும் கணீர்க் குரலையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உங்களுக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்திருக்காது.

லேசா ஒரு டச்சப்

எனக்கு ஏன் இரண்டு ரேட் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரே ரேட்தான். அடிவாரத்தில் எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கோயில் கல்யாணம். பிறந்தநாள் பார்ட்டிக்கு வாங்குவதையே அதற்கும் வாங்கினேன். முகத்தை முடித்து, வெள்ளை வலையைக் குத்திவிட்டு, பையை மூடினேன். அப்போது பெண்ணின் அம்மா வந்து நின்றார். "எனக்கும் லேசா ஒரு டச்சப்." அவருக்குப் பின்னால் சித்தி. சித்திக்குப் பின்னால் இரண்டு அண்ணிகள். கடைசியில் தலை குனிந்தபடி மாப்பிள்ளையின் சித்தப்பா. காதோரம் நரையை மட்டும் கொஞ்சம் மறைக்க வேண்டுமாம்.

பூசை நடுவில் பெண் அழுதாள். மை வழிந்தது. திருப்பலி முடியும்வரை தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சாமியார் திரும்பும்போதெல்லாம் ஓடிப் போய்த் துடைத்துவிட்டு வந்தேன். பிறகு பேண்டு வாத்தியம், ஊர்வலம், வெயில், மாலை வரவேற்பு, வேறு புடவை, வேறு தலை. பார்ட்டிக்குப் போட்ட முகத்தை யாரும் மறுநாள் ஞாபகம் வைத்திருப்பதில்லை. கல்யாண முகம் அந்த வீட்டுச் சுவரில் ஆயுசு முழுக்கத் தொங்கும். கொஞ்சம் கோணினால் திருத்த மறு கல்யாணமா வைக்க முடியும்?

அன்றிலிருந்து கல்யாணம் என்றால் என்னோடு ஷாஹின் வருவாள். வாணியம்பாடிக்காரி. முடிக்கும் புடவைக்கும் அவள் கைதான். பெண்ணை முன்கூட்டியே ஒரு நாள் உட்கார வைத்து முழுசாகப் போட்டுப் பார்ப்போம். எந்தக் கிரீம் ஒத்துக்கொள்ளாது, எந்த இடத்தில் வேர்க்கும், முடி எவ்வளவு கனம் தாங்கும் என்றெல்லாம் தெரிந்துகொள்வோம். எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக எடுத்துப் போவோம். அந்த நாளில் வேறு வேலை ஒத்துக்கொள்ள மாட்டோம். ரேட் இப்படித்தான் ஏறியது.

போட்டோ என்று சொன்னதால் ஷாஹினை வீட்டில் தூங்கவிட்டுவிட்டேன். சவுரி, நீளக் கொண்டை ஊசி, தண்ணீர்பட்டாலும் கலையாத மை எல்லாமே பெரிய பெட்டியில், திருப்பத்தூரில்.

உங்களுக்கு இன்னா சொன்னாங்க?

பந்தலுக்குள் நுழைந்தேன். ஒரு மூலையில் கேமரா பையோடு ஒரு இளைஞர் நின்றிருந்தார். அவர் காலடியில் மூட்டையாகப் பலூன்கள்.

"அக்கா, நீங்களும் பர்த்டேவுக்கா?" என்றார்.

"பர்த்டேவா? என்னைய போட்டோன்னு சொல்லித்தான் கூட்டாந்தாங்க."

"எனக்குப் பொறந்தநாளுன்னாங்க. ஆனா கேக்கு எங்கன்னு கேட்டா, அந்த அம்மா ஐயரப் பாக்கப் போறேன்னு போய்ட்டாங்க."

மைக் செட்டுக்காரர் ஆம்பிளிஃபயருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "ஏன்பா, இது காது குத்து இல்ல?"

அவரிடம் இருந்தவை முழுக்க முழுக்கத் தாய்மாமன் சீர் பாட்டுகள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொல்லைப்புறத்திலிருந்து கரண்டியோடு சமையல்காரர் வந்தார். நெற்றியில் வியர்வை, முகத்தில் கோபம்.

"கிரகப் பிரவேசம்னு சொன்னாங்க. வூட்டப் பாத்தா சுண்ணாம்பு அடிச்சே பல வருசம் ஆயிருக்கும்போல. இன்னா நடக்குது இங்க?"

சரியாக அந்த நேரத்தில் ஐயர் மேடையிலிருந்து உரக்கக் கேட்டார். "முகூர்த்தத்துக்கு நேரமாகுது, பொண்ணு ரெடியா?"

கேமராக்காரர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் மைக் செட்டுக்காரர் சிரித்தார். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் கிரகப் பிரவேசம் என்று நம்பி மலை ஏறி வந்த ஒரு மனிதர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால் கோபத்தை எவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியும்?

பச்சையம்மாள் வந்தார். எங்கள் நாலு பேர் முகத்தையும் பார்த்தார். ஒளிந்துகொள்ள இடமில்லை.

"ஆமா, கல்யாணந்தான். இப்ப இன்னான்ற?" என்றார், கணீரென்ற குரலில்.

"ரெண்டு வெள்ளாடு!" என்றேன் நான்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கல்யாணம்னு வாயத் தொறந்தா போதும், நீங்க எல்லாரும் வெலய ஏத்திக்கினே போறீங்க. எங்க அண்ணன் புளி வித்து, தேன் வித்துச் சேத்த காசு. அத்தக்காரி நானு நாலு காசு மிச்சம் புடிக்க வேணாமா?"

சமையல்காரர் எழுந்து நின்றார். "அதுக்கு? கல்யாணத்துக்கு வர்ற கூட்டத்துக்குக் கிரகப் பிரவேசச் சோறு எப்டிம்மா பத்தும்?"

பச்சையம்மாள் கொல்லைப் பக்கம் அண்டாக்களை எட்டிப் பார்த்தார்.

திரும்பிப் போய்விடலாம் என்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தேன். உண்மையில் எடுத்தேன். அப்போது உள் அறையிலிருந்து ஒரு குரல். "அத்த, மேக்கப் அக்கா வந்துட்டாங்களா? நா குளிச்சுட்டேன்!"

குரலில் அவ்வளவு சந்தோஷம். சாவியைப் பையில் போட்டுவிட்டேன்.

சிரிக்கிற கண்ணுக்கு மை போடுவது எப்படி?

சங்கீதா செங்கத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கபடி ஆடுகிற பெண். தலையிலிருந்து துண்டை எடுத்தாள். வாட்ஸாப்பில் வந்த இடுப்பு வரை முடி அவள் காலேஜ் படித்த காலத்துப் படமாம். இப்போது இருந்தது கழுத்துக்கு மேலேயே நின்றுவிட்ட முடி. பம்பாய் கட் என்று நாங்கள் சொல்லும் வெட்டு.

"ஆட்டத்துல முடியப் புடிச்சு இழுக்கறாளுங்க்கா. அதான் வெட்டிட்டேன். அவருக்குத் தெரியும், அவருக்கு இதுதான் புடிச்சிருக்காம்" என்றாள்.

"அவருக்குத் தெரியும். அவங்க அம்மாவுக்கு?"

பச்சையம்மாள் மெதுவாக ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தார். வாழை இலைக்குள் பூ ஜடை. மல்லி, கனகாம்பரம், தவனம் வைத்துக் கட்டியது. ஒரு சின்னக் குழந்தை கனம் இருக்கும். மாப்பிள்ளையின் அம்மா திருவண்ணாமலையில் சொல்லிக் கட்டச் செய்து, தானே மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். மருமகள் தலையில் அதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"ஜடைலாம் மேக்கப்காரங்க பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டேம்மா" என்றார் பச்சையம்மாள். இப்போது நிஜமாகவே ஜலதோஷக் குரல்.

"எதுலங்கம்மா மாட்டறது? காதுலயா?"

இதைக் கேட்டுச் சங்கீதா சிரித்தாள் பாருங்கள், அதோடு என் வேலை கெட்டது. நடந்த கதை முழுவதையும் அவளுக்கு அப்போதுதான் சொன்னார்கள். காது குத்து என்றதும் ஒரு சிரிப்பு. பலூன் என்றதும் இன்னொரு சிரிப்பு. அழுகிற பெண்ணுக்கு எனக்கு மை போடத் தெரியும். மேலே பார்க்கச் சொல்லி, மூச்சை விடச் சொல்லிப் போட்டுவிடலாம். சிரிக்கிற பெண்ணுக்கு என்ன செய்வது? கண் சுருங்குகிறது, கன்னம் ஏறுகிறது, தோள் குலுங்குகிறது. மூன்று தடவை போட்டு மூன்று தடவை துடைத்தேன். வெளியே மைக்கில் தாய்மாமன் பாட்டு ஆரம்பித்ததும் நானும் சேர்ந்து சிரிக்க, கோடு காது வரைக்கும் போய்விட்டது.

ஷாஹின் இடத்தில் பச்சையம்மாளை நிறுத்தினேன். வேறு வழியில்லை. "இதப் புடிங்க. விசிறுங்க. வேகமா இல்ல, மெதுவா. வேர்வைய ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. புடவை மடிப்ப உட்காந்து புடிங்க." பட்டுப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அவர் அத்தனையும் செய்தார். பனிக் குளிரிலும் வேர்த்து அவர் ரவிக்கை நனைந்துவிட்டது. "யப்பா, களையெடுக்கறதே தேவலாம்போல" என்றார் நடுவில்.

முகம் முடிந்தது, நன்றாகவே வந்தது. இனி முடிதான். கீழே செங்கத்தில் போய்ச் சவுரி வாங்கி வர நேரமில்லை. ஐயர் இரண்டாம் முறை குரல் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா கதவைத் தட்டி, "ஜடை வெச்சாச்சாம்மா? பாக்கலாமா?" என்றார். சங்கீதாவின் சிரிப்பு நின்றது. அவள் முகத்தை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நானே வெளிய போய் அவங்ககிட்ட சொல்லிடறேங்க்கா. முடி இல்லன்னு" என்றாள் மெதுவாக.

"இரு" என்றார் பச்சையம்மாள்.

கதவைத் தாழ்போட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். இரண்டு கைகளையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோனார். ஒரு ஊசி, இன்னொரு ஊசி, கறுப்பு வலை. அந்தத் தேங்காய்க் கொண்டை அப்படியே கையோடு வந்தது. உதறினார். முழங்கால் வரைக்கும் விழுந்தது சவுரி. நல்ல அசல் முடி.

சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த கொண்டை!

"டைபாய்டுல கொட்டிப் போச்சு. உங்க மாமாவுக்கே தெரியாது" என்றார் பச்சையம்மாள். அவர் தலையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு சின்ன முடிச்சு மட்டும் இருந்தது. "இந்தாம்மா, வெச்சித் தை. பேரம் பேசாம வாங்கனது வாழ்க்கைல இது ஒண்ணுதான். நல்ல சரக்கு."

மாலை

சங்கீதாவின் உச்சி முடியைச் சேர்த்து இழுத்து, ரப்பர் பேண்டு போட்டு ஒரு சின்ன முடிச்சாக்கினேன். அதில் சவுரியை வைத்து ஊசி நூலால் தைத்தேன். கனம் முழுவதும் அந்த முடிச்சில் இறங்கினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் கறுப்பு நாடா ஒன்றைத் தலையைச் சுற்றிக் கட்டி, ஜடையின் பாதிக் கனத்தை நாடாவில் ஏற்றினேன். நாடாவை மல்லிச் சரம் மறைத்தது. காதோரம் சவுரியின் கறுப்பும் அவள் முடியின் செம்பட்டையும் ஒட்டாமல் தெரிந்த இடத்தில் கண் மையை விரலால் தேய்த்தேன். கடைசியாகப் பூ ஜடை.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து பார்த்தார். ஜடையை மேலிருந்து கீழே ஒரு முறை தடவினார். "கண்ணு பட்டுடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

"குனியாத. திரும்பணும்னா ஒடம்போட திரும்பு. குதிக்காத" என்று சங்கீதாவின் காதில் சொல்லி அனுப்பினேன். ஒரு கபடிக்காரியிடம் குதிக்காதே என்று சொன்ன என் புத்தியை என்ன சொல்வது?

மாலை மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் விளையாட்டாக அவரை அப்படியே தோளுக்குத் தூக்கிவிட்டார்கள். பெண்ணுக்கு எட்டாத உயரம். கூட்டம் ஆரவாரித்தது. சங்கீதா ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். உடம்போடுதான் திரும்பினாள். பிறகு புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். இரண்டு அடி பின்னால் போனாள்.

"வேணாம்... வேணாம்..." என்றேன்.

தாவினாள். பூ ஜடை காற்றில் ஒரு வீச்சு வீசி, சுற்றி வந்து, முதுகில் பொத்தென்று விழுந்தது. மாலை மாப்பிள்ளையின் கழுத்தில் கச்சிதமாக இறங்கியது. சமையல்காரர் கரண்டியோடு உறைந்து நின்றார். கேமராக்காரர் படம் எடுக்க மறந்துபோய் வாயைத் திறந்தபடி இருந்தார். பச்சையம்மாள் முந்தானையைத் தலைக்கு முக்காடாக இழுத்துக்கொண்டு, தூணைக் கட்டிப் பிடித்திருந்தார்.

ஜடை நின்றது! ஒரு பூ உதிரவில்லை. நானும் சமையல்காரரும் ஏன் கைதட்டிக் குதித்தோம் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் புரிந்திருக்காது. மைக் செட்டுக்காரர் உணர்ச்சிவசப்பட்டு இன்னொரு தாய்மாமன் பாட்டைப் போட்டுவிட்டார். சங்கீதாவின் தாய்மாமன் அது தனக்காகவே என்று நினைத்து, மேடையில் ஏறிக் கும்பிட்டார்.

குரூப் போட்டோ

தாலி கட்டி முடிந்ததும் குடும்பப் படம். பச்சையம்மாளைக் காணோம். அரிசி மூட்டை அறையில் முக்காடோடு உட்கார்ந்திருந்தார்.

"நா வரலம்மா. இந்தத் தலையோட எப்டி நிக்கறது?"

என் சின்னப் பையைத் திறந்தேன். அந்த எலுமிச்சை முடிச்சை அவிழ்த்து வாரினேன். கழுத்துக்கு மேலே தாழ்வாக வைத்துச் சுற்றி, மிச்சமிருந்த மல்லியை வளைத்துக் குத்தினேன். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, நெற்றியில் பொட்டு. கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"கழுத்து இவ்ளோ லேசா இருக்கே" என்றார். பிறகு, "இதுக்கு இன்னா ரேட்டு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

வெளியே வந்தவர் நேராக மேடைக்குப் போகவில்லை. மைக் செட்டுக்காரரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இது பொறந்தநாளு இல்ல, காது குத்து இல்ல, கிரகப் பிரவேசமும் இல்ல. எங்க சங்கீதாவுக்குக் கல்யாணம்! சமையல்காரரே, மைக் செட்டுத் தம்பி, போட்டோத் தம்பி, மேக்கப் பொண்ணே, நாலு பேரும் கல்யாண ரேட்டையே வாங்கிக்கினு போங்க. இனிமே யாராவது ஏன் இவ்ளோன்னு கேட்டா என்னாண்ட அனுப்புங்க. நா சொல்றேன் அவங்களுக்கு!"

மலை முழுக்க எதிரொலித்தது. எதற்கு இந்த அறிவிப்பு என்று தெரியாத மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்குக் கைதட்டினார்கள். சமையல்காரர் கொல்லையிலிருந்து கத்தினார். "இத நேத்தே சொல்லியிருந்தா இன்னொரு அண்டா ஏத்தியிருப்பேனே யம்மா!"

சங்கீதா எங்கள் நாலு பேரையும் மேடைக்கு இழுத்தாள். கேமராக்காரர் டைமரை வைத்துவிட்டு ஓடி வந்தார். பலூன் மூட்டையில் கால் மாட்டி, படார் படாரென்று வெடிக்க, அந்த நொடியில் படம் விழுந்தது.

அந்தப் படம் இப்போது என் கடைச் சுவரில் இருக்கிறது. சமையல்காரர் காதைப் பொத்தியிருக்கிறார். ஐயர் பாதி குனிந்திருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா மருமகளின் தோளைப் பிடித்திருக்கிறார். கேமராக்காரர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கலான சட்டை மட்டும் பறக்கிறது. நடுவில் பச்சையம்மாள், சின்னக் கொண்டையோடு, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.